பதினாறு அடி

1973 பெப்ரவரி 11

லொறி எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அதன் சத்தம் அடங்க வெகு நேரம் பிடித்தது. பிறகு காடு.

அரசாங்கம் தந்த மூன்று ஏக்கர். இலக்கம் 47. பெர்மிட்டில் என் கணவர் குலேந்திரனின் பெயர். நிபந்தனைகள் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன. காணியிலேயே குடியிருக்க வேண்டும். சொந்தக் கிணறு தோண்ட வேண்டும். அடுத்த வருடம் தை முடிவதற்குள் ஒரு ஏக்கரிலாவது பயிர் நிற்க வேண்டும். தவறினால் காணி பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போகும்.

குலேந்திரனின் வீட்டை அவருடைய தங்கைக்குச் சீதனமாக எழுதியாயிற்று. என் வீட்டில் எனக்குப் பின் மூன்று பெண்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் வாங்கிய புவியியல் பட்டத்துக்கு நான்கு வருடங்களாக வேலை இல்லை. எனவே திரும்பிப் போக இடம் என்று ஒன்று இல்லை. இதை இன்று லொறியில் வரும்போது இருவரும் தனித்தனியே யோசித்தோம்.

பெப்ரவரி 12

கையில் கொப்புளம். பேனை பிடிக்க முடியவில்லை.

பெப்ரவரி 28

கொட்டிலுக்குக் கூரை போட்டாயிற்று. செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் பவுசர் வரும். வீட்டுக்கு இரண்டு பீப்பா. குடிக்க, சமைக்க, முகம் கழுவ. குளிக்க ஒன்றரை மைல் நடந்து குளத்துக்குப் போக வேண்டும். போய்த் திரும்பும்போது மறுபடி குளிக்க வேண்டியதாகிவிடும்.

மார்ச் 3

பக்கத்துக் காணிக்காரர் வந்தார். மார்க்கண்டு. நாற்பது வயதிருக்கும். மனைவி பூரணம். பிள்ளைகள் இல்லை.

வந்ததும் எல்லைக் கல் எங்கே என்றுதான் கேட்டார். குலேந்திரன் காட்டினார். நாங்கள் மூவரும் பற்றைக்குள் நின்று ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாருங்கோ தம்பி, ஊரில எனக்கும் அண்ணனுக்கும் ஒழுங்கை எல்லை வழக்கு. ஒண்டரை அடி. பதினொரு வருஷம் கோட்டுக்கு நடந்தனான்."

"முடிவில ஆருக்குத் தீர்ந்தது அண்ணை?"

"அவனுக்கு." சிரித்தார். "இஞ்ச மூண்டு ஏக்கர் சும்மா தந்திருக்கிறாங்கள். இனி அடி அளக்கிற வேலையே எனக்கு வேண்டாம்."

பூரணம் அக்கா ஒரு சுண்டு ஊறுகாய் தந்தாள். அயல் நல்லது.

மார்ச் 30

வெட்டுகிறோம். பாலை மரங்களைக் குலேந்திரன். பற்றைகளை நான். மாலையில் இருவரும் ஒருவர் முதுகில் மற்றவர் முள் எடுக்கிறோம். அது ஒன்றுதான் பேச்சு.

ஏப்ரல் 19

மரவள்ளிக் கிழங்கு. நேற்றும். நாளையும்.

மே 6

நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். வேப்பங் கவர்த்தடியை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு காணி முழுக்க நடந்தார். பட்டதாரி என்ற முறையில் எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நடந்தேன். மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன்.

தடி எங்கள் காணியில் ஓரிடத்திலும் வளையவில்லை. எல்லைக் கல்லைத் தாண்டி மூன்று எட்டு வைத்தார். மார்க்கண்டரின் பக்கம். தடி முறிவது போல வளைந்தது.

"இதுதான் இடம். இருபத்தைஞ்சு அடிக்குள்ள தண்ணி."

"இது எங்கட காணி இல்லையே, ஐயா" என்றார் குலேந்திரன்.

"தண்ணிக்கு அது தெரியாது, தம்பி."

வேறு இடம் பார்க்கச் சொன்னோம். எங்கள் காணியின் எதிர் மூலையில் தடி கொஞ்சம் அசைந்தது. அங்கே கீழே பெருங்கல், நாற்பது ஐம்பது அடி போக வேண்டிவரும் என்றார். குலேந்திரன் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தோள் எலும்புகள் சட்டைக்கு மேலால் தெரிகின்றன. எப்போதிருந்து என்று தெரியவில்லை.

மே 13

வெட்டிய காட்டுக்கு நேற்று நெருப்பு வைத்தோம். இன்றும் புகைகிறது. தரை முழுக்கக் கறுப்பு. எந்த இடம் எது என்று தெரியவில்லை. குலேந்திரன் காலையிலேயே மண்வெட்டிப் பிடி வாங்க மாங்குளத்துக்குப் போய்விட்டார்.

எல்லைக் கல் சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தி நட்டேன். வரைபடம் என்னிடம் இருந்தது. வரைபடம் வாசிக்கத்தான் நான்கு வருடம் படித்தேன்.

கல் கனம். இடுப்பு வலிக்கிறது.

மே 14

இதை வாசிக்க யாரும் இல்லை. இருந்தும் சில வசனங்களை எழுதிவிட்டு வெட்டுகிறேன்.

மே 16

குலேந்திரன் இடத்தைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். மறுபடி இடத்தைப் பார்த்தார்.

"அண்டைக்கு இது எல்லைக்கு அங்கால இருந்தமாதிரிக் கிடந்துது."

"பற்றைக்குள்ள நிண்டு பார்த்தால் தூரம் தெரியாது. காடு வெளியான பிறகு வித்தியாசமாய்த் தெரியும்" என்றேன். அது உண்மைதான். அடர்ந்த இடத்தில் கண் தூரத்தைத் தவறாகத்தான் மதிப்பிடும்.

"நீர் படிச்சனீர்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

மே 18

கிணறு தொடங்கினோம். பன்னிரண்டு அடி விட்டம். தேங்காய் உடைத்தோம். மார்க்கண்டர் வந்து பார்த்துவிட்டு, கல் பெயர்க்கத் தன் அலவாங்கைக் கொடுத்தார். எங்களுடையதைவிடக் கனமானது, நல்ல இரும்பு.

"வெட்டி முடியுமட்டும் வைச்சிருங்கோ தம்பி" என்றார்.

யூன் 9

ஏழு அடி. குலேந்திரன் உள்ளே. நான் கடகத்தில் மண்ணை இழுத்துக் கொட்டுகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை கடகம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ணினால் அடுத்த நாள் எழும்ப முடியாது.

யூன் 27

பதினான்கு அடியில் கருங்கல்.

யூன் 28

அதே கல்.

யூலை 5

வெடி வைக்கிற ஆள் வந்தார். ஒரு நாள் முழுக்கத் துளை போட்டார். வெடித்தது. தூசி அடங்கியபின் எட்டிப் பார்த்தோம். ஒரு பானை அளவு உடைந்திருந்தது. அவர் தலையைச் சொறிந்தார்.

யூலை 12

குலேந்திரனுக்குக் காய்ச்சல். குளிர்ந்து நடுங்குகிறார். இரண்டு சாக்கால் போர்த்தினேன். சாக்கும் நடுங்கியது.

நான் இறங்கினேன். நான்கு மணித்தியாலம் கல்லில் இடித்தேன். கிணற்றுக்குள் இருந்து பார்த்தால் வானம் ஒரு தட்டு அளவு. அங்கே எதையும் யோசிக்கத் தேவையில்லை. அது ஒரு ஆறுதல்.

யூலை 14

மார்க்கண்டர் தானாக வந்தார். "நீர் மேல போம் தங்கச்சி. இது பொம்பிளையள் செய்யிற வேலை இல்லை" என்று இறங்கிவிட்டார். மாலை வரை உடைத்தார். நாளையும் வருவாராம். பூரணம் அக்கா தேத்தண்ணி அனுப்பினாள், அதோடு பனங்கட்டி.

குலேந்திரன் பாயில் கிடந்தபடி சொன்னார்: "இப்பிடி ஒரு அயல் கிடைக்க நாங்கள் என்ன புண்ணியம் செய்தனாங்களோ."

நான் வெளியே வந்து விறகு அடுக்கினேன். அடுக்கியதைக் குலைத்து மறுபடி அடுக்கினேன்.

யூலை 30

இருபது அடி. மார்க்கண்டர் இதுவரை ஐந்து நாட்கள் வந்திருக்கிறார். குலேந்திரன் எழுந்து நடக்கிறார். முகத்தில் கண்கள் மட்டும்.

"ஏலாட்டி விட்டிடுவம்" என்றேன்.

"இவ்வளவு வெட்டிப்போட்டோ? உமக்கு விசரே?"

ஓகஸ்ட் 24

தண்ணீர்.

ஓகஸ்ட் 25

நேற்று அந்த ஒரு சொல்லுக்கு மேல் எழுத முடியவில்லை. இருபத்து மூன்று அடியில் கல்லின் வெடிப்பு வழியாக வந்தது. முதலில் கசிவு, பிறகு கணுக்கால் அளவு, இன்று காலை இடுப்பளவு. குலேந்திரன் உள்ளேயே நின்று முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். அவர் அழுதாரா என்று மேலே இருந்து பார்க்கத் தெரியவில்லை.

மார்க்கண்டரும் வந்து எட்டிப் பார்த்தார். வாளியில் ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"இனிப்பு" என்றார். இன்னொரு கை அள்ளினார்.

ஓகஸ்ட் 26

மிளகாய் விதைத்தோம். நான்கு நாற்று மேடை. காலையும் மாலையும் தண்ணீர் காட்ட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் நாற்று தயாரானால் ஒரு ஏக்கர் நடலாம். தைக்குள் பயிர் நிற்கும். கணக்குச் சரியாக வருகிறது.

செப்டெம்பர் 3

முளைத்துவிட்டது. குலேந்திரன் மேடைக்கு அருகில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.

செப்டெம்பர் 5

அடுத்த கிழமை சேர்வேயர் வருகிறாராம். எல்லாக் காணியையும் திரும்ப அளக்கிறார்களாம். பவுசர்க்காரர் சொன்னார்.

"ஏன் இப்ப?" என்று கேட்டேன்.

"யானை, காட்டுப்பண்டி, நெருப்பு. கல்லுகள் இடம் மாறியிருக்கும்தானே அக்கா."

ஆம். யானைகூடத் தள்ளியிருக்கலாம். இந்தப் பக்கம் யானை வருவது எல்லோருக்கும் தெரியும்.

செப்டெம்பர் 8

கச்சான் காற்று. வாயெல்லாம் மண். சோறு இறங்கவில்லை.

செப்டெம்பர் 9

அளந்தார்கள்.

சேர்வேயர், சங்கிலி பிடிக்க இருவர், காணி உத்தியோகத்தர். மார்க்கண்டரும் குலேந்திரனும் கூட நடந்தார்கள். நான் கொட்டில் வாசலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். காற்று அவர்கள் பக்கமிருந்து வீசியது. எல்லாம் கேட்டது.

"இந்தக் கல்லு பதினாறு அடி தள்ளி நிக்குது" என்றார் சேர்வேயர். "ஆர் நட்டது?"

நான் சட்டியைக் கழுவினேன்.

"நான்தான் ஐயா" என்றார் குலேந்திரன். "எரிச்ச நேரம் விழுந்து கிடந்தது. குத்துமதிப்பாய் நட்டுவிட்டன்."

"குத்துமதிப்பு உங்களுக்குச் சாதகமாய்த்தான் வந்திருக்கு" என்றார் உத்தியோகத்தர். சங்கிலி பிடித்தவர்கள் சிரித்தார்கள்.

கிணறு முழுவதும் மார்க்கண்டரின் காணிக்குள் போய்விட்டது. உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். 47க்குக் கிணறு இல்லை. தையில் வந்து பார்ப்பாராம். மார்க்கண்டரிடம், சரியான எல்லையில் வேலி போடச் சொன்னார். மார்க்கண்டர் தலையாட்டினார். குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை.

குலேந்திரன் வந்து உட்கார்ந்தார்.

"சோறு வையும்" என்றார்.

வைத்தேன். சாப்பிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

செப்டெம்பர் 10

மார்க்கண்டர் வேலி போடுகிறார். கதியால் தடிகளை நெருக்கமாக நட்டு முள் அலம்பல் வரிந்து கட்டுகிறார். நன்றாகக் கட்டுகிறார். ஊர் வேலி. மாலையில் கிணறு எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. கப்பியின் சத்தம் மட்டும் வருகிறது.

அலவாங்கைக் குலேந்திரன் கொண்டுபோய் வேலிக்கு மேலால் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார்.

செப்டெம்பர் 11

பவுசர் தண்ணீரில் பாதியை நாற்றுக்கு ஊற்றினோம். மேடை குடித்துவிட்டு மறுபடி வெளுத்தது.

குலேந்திரன் எதிர் மூலையில் புதுக் கிணறு தொடங்கிவிட்டார். தனியாக. கடகம் இழுக்கப் போனேன். "நீர் நாற்றைப் பாரும்" என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை. கோபப்படக்கூடப் பலம் வேண்டும்.

செப்டெம்பர் 12

இரண்டு மேடை போய்விட்டது. மீதி இரண்டில் நுனி தொங்குகிறது. இன்னும் மூன்று நாள் தாங்கும். நாற்று போனால் நடுகை இல்லை. நடுகை இல்லாவிட்டால் தையில் காணி இல்லை.

குலேந்திரனுக்கு மறுபடி காய்ச்சல் தொடங்குகிறது. மறைக்கிறார். மூன்று அடி வெட்டியிருக்கிறார்.

மே 13ஆம் திகதிக் குறிப்பை எடுத்து வாசித்தேன். அதில் உள்ள ஒவ்வொரு வசனமும் உண்மை. கல் சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தி நட்டேன். வரைபடம் என்னிடம் இருந்தது.

எங்கே நட்டேன் என்று எழுதவில்லை. பழைய குழியிலிருந்து ஏழு எட்டு வைத்து, நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்து, நட்டேன். பழைய குழியைச் சாம்பலால் மூடினேன்.

செப்டெம்பர் 13

காலையில் மார்க்கண்டர் வீட்டுக்குப் போனேன். வேலி வந்தபின் றோட்டுக்கு ஏறிச் சுற்றித்தான் போக வேண்டும். அவர் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். பூரணம் அக்கா மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். இரு என்று சொல்லவில்லை.

"அண்ணை, அந்தக் கல்லு..."

"அது முடிஞ்ச கதை தங்கச்சி. விடும்."

"அவர் நடேல்லை. அண்டைக்கு அவர் மாங்குளம் போயிருந்தவர். நான்தான் நட்டனான். தெரிஞ்சுதான் நட்டனான்."

பிடியைச் சுற்றிக் கயிறு வரிந்துகொண்டே சொன்னார்: "தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீர் நடேக்கை நான் அங்கால முதிரை மரத்துக்குப் பின்னால நிண்டனான். பார்த்தனான்."

பூரணம் அக்காவின் கத்தி நின்றுவிட்டது.

"நீரோட்டம் பார்த்த மனிசன் போற வழியில எனக்கும் சொல்லிப்போட்டுத்தான் போனவர், என்ர பக்கம்தான் தண்ணி எண்டு. பிறகு நீங்கள் அதிலயே வெட்டத் தொடங்கினீங்கள். சரி, வெட்டட்டும் எண்டு விட்டன். தண்ணி வராட்டி அது உங்கட பள்ளம். வந்தால், சேர்வேயர் எப்பிடியும் ஒரு நாளைக்கு வருவார்."

நான் திட்டு வாங்க வந்தவள். அதற்கு ஆயத்தமாக வந்தவள்.

"அப்ப அலவாங்கு தந்தது?" என்று கேட்டது பூரணம் அக்கா. எழுந்துவிட்டாள்.

"பூரணம், சும்மா இரு."

"மூண்டு மாசம்! அந்தப் பெடியன் காய்ச்சலோட கிடந்து கல்லுடைச்சது. இந்தப் பிள்ளை மண் சுமந்தது. நானும் மடைச்சி, பாவமெண்டு தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். நீங்கள் ஒண்டும் தெரியாத மாதிரிப் பார்த்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

"நானும் இறங்கி உடைச்சனான்தானே!"

"உங்கட கிணத்தைத்தானே உடைச்சனீங்கள்!"

எனக்கு, எப்படி என்று தெரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. அழுகை போலத்தான் வந்தது. பூரணம் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீர் சிரிக்காதையும். நீர் செய்ததும் களவுதான். கல்லைக் கிளப்பிற அளவுக்குப் படிச்சனீர், பக்கத்து வீட்டில வந்து ஒரு வார்த்தை கேக்கப் படிக்கேல்லை. ஊரில எத்தினை கிணறு பங்குக் கிணறு? நாலு வீட்டுக்கு ஒரு கிணறு, முறை வைச்சு இறைக்கிறதில்லையே? ஊர்ச் சீதன உறுதியில என்ன எழுதிக் கிடக்கும்? கிணத்தில பங்கும் வழி வாய்க்காலும் எண்டுதானே?"

"பெர்மிட் காணியில பங்கு எழுதேலாது" என்றார் மார்க்கண்டர். "உத்தியோகத்தர் விடமாட்டார்."

"ஆர் எழுதச் சொன்னது? பதினொரு வருஷம் கோட்டில நீங்கள் எழுதின எழுத்துப் போதும். ஒரு நாள் அவை, ஒரு நாள் நாங்கள்."

"தையில வந்து, 47இன்ர கிணறு எங்க எண்டு கேட்டால்?"

"அந்தத் தம்பி மற்ற மூலையில வெட்டிக்கொண்டிருக்குத்தானே. இன்னும் வெட்டினபடி எண்டு காட்டட்டும். பயிர் நிண்டால் அந்த உத்தியோகத்தனும் கொஞ்சம் பொறுப்பான்."

மார்க்கண்டர் மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்தார். வேலியைப் பார்த்தார். மூன்று நாளில் கட்டிய வேலி.

"முதல் முறை ஆருக்கு?" என்றார், வழக்காடுகிற குரலில்.

"நாற்று வாடுறது ஆருக்கு?" என்றாள் பூரணம் அக்கா.

செப்டெம்பர் 14

காலையில் வெட்டுகிற சத்தம். வேலியில் இரண்டு கதியாலைப் பிடுங்கி, அலம்பலைக் கத்தியால் அரிந்து, பூரணம் அக்கா ஒரு பொட்டு வைத்திருந்தாள். ஊரில் அயல் வீட்டுப் பெண்கள் வந்துபோக வேலியில் விடுகிற அதே அளவுத் திறப்பு. மார்க்கண்டர் தூரத்தில் நின்று, திறப்பு அகலம் கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை. நான் இறைத்தேன். குலேந்திரன் வாங்கிக்கொண்டுபோய் ஊற்றினார். பத்தாவது வாளியில் நின்றார்.

"மார்க்கண்டர் திடீரெண்டு ஏன் இப்பிடி?"

சொன்னேன். நான் நட்டதை. மார்க்கண்டர் பார்த்ததை. எல்லாவற்றையும் கப்பிக் கயிற்றைப் பிடித்தபடியே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

வாளியைக் கீழே வைத்தார்.

"நீர் நட்டது எனக்கு அண்டைக்கே தெரியும். சேர்வேயர் கேட்ட நேரம் உம்மட கையைப் பார்த்தனான். ஒரே சட்டியை அரை மணித்தியாலமாய்க் கழுவினீர்."

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தால் நீர் யானை எண்டு சொல்லியிருப்பீர்."

நான் கயிற்றை மறுபடி கிணற்றுக்குள் விட்டேன்.

"அவர் அஞ்சு நாள் உடைச்சவர்" என்றார். "மிச்சம் நாங்கள் உடைச்சது. அதை மறக்காதையும்." யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு பொட்டுக்குள் நுழைந்தார்.

திறப்பு சிறியது. குனியாமல் போக முடியாது. தண்ணீர் வாளியோடு போகும்போது இன்னும் கூடக் குனிய வேண்டும். இல்லாவிட்டால் முதுகை அலம்பல் முள் கீறும். அவருடைய சட்டை இரண்டு இடத்தில் கிழிந்தது. என் கையில் ஒரு கீறல்.

ஒன்றரை மேடை நிமிர்ந்துவிட்டது. மீதி அரை நிமிராது. ஒரு ஏக்கருக்குப் போதுமா என்று தெரியாது. முக்கால் ஏக்கருக்குப் போதும்.

பிற்பகலில் குலேந்திரன் எதிர் மூலைக்கு வெட்டப் போனார். நானும் கடகத்தோடு போனேன். இந்தமுறை நாற்றைப் பார்க்கச் சொல்லவில்லை.

நான்கு அடி.

நாளை அவர்களுடைய முறை.